தண்ணீரில் பிறக்கும் தீ

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காதுதான் உள்ளே நுழையும். கண் பிறகுதான் வரும். சென்ற மாதம் கமுந்திங்கில் மாமா வீட்டுப் பின்கட்டுக்குள் போனபோதும் அப்படித்தான். ஏதோ ஒரு சத்தம் குறைந்தது.

சிறு வயது முதல் எனக்குப் பழக்கமான பட்டறைச் சத்தம் மூன்று. காலால் மிதிக்கும் துருத்தியின் புஸ் புஸ். சின்னச் சுத்தியலின் டிக் டிக். நடுநடுவே மாமாவின் இருமல். அன்று துருத்தியைக் காணோம். அதற்குப் பதிலாகக் குளிர்சாதனப் பெட்டியைப் போல ஒரு ரீங்காரம். மேசைக்குக் கீழே பயணப்பெட்டி அளவில் ஓர் இயந்திரம். பக்கத்தில் ஒரு குடுவைக்குள் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

“என்ன மாமா, மீன் வளர்க்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

“மீன் இல்லம்மாடி. அடுப்பு. தண்ணியில எரியுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரில் கார் ஓடும், தண்ணீரில் அடுப்பு எரியும் என்று எத்தனை வாட்ஸ்அப் காணொளிகள் நமக்கு வருகின்றன! நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளிலும் மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். மாமாவையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மாமா பதில் பேசவில்லை. கைப்பிடியைத் திறந்து லைட்டரைத் தட்டினார். ஊசி முனையில் ஊசி போலவே ஒரு தீ எழுந்தது. வெளிச்சமே இல்லை. உற்றுப் பார்த்தால்தான் வெளிர் நீலம் தெரிந்தது. ஒரு செங்கல் துண்டின் ஓரத்தில் காட்டினார். சில நொடிகளில் அந்த இடம் கண் கூசும் அளவுக்கு வெளுத்துப் பழுத்தது.

நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஊதியே தேய்ந்த மூச்சு

நான் போன காரியம் வேறு. பாட்டியின் வளையல் ஒன்று மூட்டுவாயில் விட்டுப் போயிருந்தது. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கூட்டுக்காசு கட்டி வாங்கிய ஒரே ஜோடி அது. ஒன்று எப்போதோ அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. மிஞ்சிய ஒன்றை அம்மா என்னிடம் கொடுத்து, “மாமா கையால மட்டும்தான் பத்த வைக்கணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமாவுக்கு இப்போது 67 வயது. தைப்பிங் கடைகளுக்கும் ஈப்போ கடைகளுக்கும் ஐம்பது ஆண்டுகளாக நகை செய்து கொடுத்தவர். அவர் தொழில் பழகிய காலத்தில் தீ என்றால் விளக்குத் தீதான். திரியைத் தூண்டிவிட்டு, வளைந்த பித்தளை ஊதுகுழலை வாயில் வைத்து, கன்னத்தில் காற்றை நிறுத்தி ஊத வேண்டும். மூச்சு உள்ளே போகும் நேரத்திலும் தீ அணையக் கூடாது, ஆடவும் கூடாது. பற்றாசுப் பொடியைத் தூவி, வெங்காரம் தடவி, அது உருகி ஓடும் அந்த ஒரு கணத்தில் ஊதுவதை நிறுத்த வேண்டும். அரை நொடி தாமதித்தால் நகையே உருகிவிடும். ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொடி இந்தப் பட்டறையிலிருந்து போனதுதான் என்பார் மாமா.

பிறகு பெட்ரோல் ஆவியில் எரியும் கால்துருத்தி வந்தது. அதற்குப் பிறகு கேஸ் தோம்பும் ஆக்சிஜன் தோம்பும். ஆளுயர ஆக்சிஜன் தோம்பு ஒன்று 60 கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே காற்றழுத்தம் சுமார் 150 பார். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அத்தை அந்தத் தோம்பை வீட்டுக்குள் வைக்கச் சம்மதிக்கவே இல்லை. “பேரப் பிள்ளைங்க ஓடி விளையாடற வீடு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாமா பழைய துருத்திக்கே திரும்பினார்.

இருமல் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. மூச்சுக்குழலும் நுரையீரலும் பலவீனமாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். காரணம் தீ மட்டும் இல்லை. நீங்கள் கடையில் ‘கேடிஎம் நகை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தங்கத்தைப் பற்றவைக்கும் பொடியில் கேட்மியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பதால் வந்த பெயர். பொடி சுலபமாக ஓடும், நகையின் மாற்றும் குறையாது, கடைக்காரருக்கு லாபம். ஆனால் கேட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். பற்றவைக்கும்போது எழும் அந்தப் புகை முதலில் போவது பத்தரின் மூக்குக்குள். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நச்சு அது. நகையைப் போடுகிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை. செய்கிறவர்தான் அனுபவிக்கிறார். மாமா பல வருடம் அந்தப் புகைக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருந்தவர்.

ஒரு லிட்டர் தண்ணீரில் என்ன இருக்கிறது?

இயந்திரத்துக்கு வருவோம். இதில் மாயம் எதுவும் இல்லை. ஐந்தாம் படிவ அறிவியல் புத்தகத்தில் நாம் படித்த மின்பகுப்புதான்.

தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அளவு எப்போதும் இரண்டுக்கு ஒன்று. அந்த இரண்டையும் சேர்த்து ஊசி முனையில் எரித்தால் சுமார் 2,800 டிகிரி சூடுள்ள தீ கிடைக்கும். எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது நீராவி. அதாவது தண்ணீராகப் புறப்பட்டு, தீயாக வாழ்ந்து, மறுபடி தண்ணீராகவே போய்விடுகிறது. புகையும் இல்லை, கரியும் இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை முழுவதும் பிரித்தால் 1,800 லிட்டருக்கு மேல் கலப்பு வாயு வரும். மாமாவின் பெட்டி மணிக்குச் சுமார் 100 லிட்டர் வாயு தருகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 60 மில்லிலிட்டர் தண்ணீர்கூடச் செலவாகவில்லை. ஒரு தே தாரிக் குவளையில் கால் பங்கு!

ஆனால் தைப்பிங் மழையைப் பிடித்து ஊற்றிவிட முடியாது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். குழாய் நீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளில் படிந்துவிடும். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது என்பதால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கரைத்து வைக்கிறார்கள். அந்தக் காரம் செலவாவதில்லை. குறைகிற தண்ணீரை மட்டும் அவ்வப்போது நிரப்பினால் போதும். ஆனால் கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால் தண்ணீர் ஊற்றும்போது மாமா கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறார். படிப்பதற்குக்கூடக் கண்ணாடி போட மறுத்த மனிதர் அவர்!

குமிழ் விட்ட குடுவைக்கும் காரணம் உண்டு. சில இயந்திரங்களில் வாயு மெத்தனால் என்ற சாராயத்தின் வழியே போகும்போது அதன் ஆவியையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் தீ சற்று மென்மையாகி, கண்ணுக்கும் தெரியும். மெத்தனால் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் மாமா அந்தப் போத்தலைப் பூட்டி வைத்திருக்கிறார். இன்னொரு குடுவையில் வெறும் தண்ணீர். அது காவல்காரன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கதை இருக்கிறது.

ஒரு சுண்ணாம்புக் கட்டியும் கெம்புக் கல்லும்

கோலாலம்பூர் திரும்பியதும் இதன் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு நூற்றாண்டுக் கதை இது.

1800ஆம் ஆண்டு லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் மின்கலத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் ஹேர் என்ற இருபது வயது இளைஞர் இரண்டு வாயுக்களையும் சேர்த்து எரிக்கும் ஊதுகுழலைச் செய்துவிட்டார். அவர் அப்பாவுக்கு பீர் ஆலை இருந்தது. அங்கே கிடந்த பீப்பாயில்தான் வாயுவைப் பிடித்து வைத்தாராம். அதுவரை யாருக்கும் எளிதில் மசியாத பிளாட்டினம் அந்தத் தீயில் உருகியது. பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும், தங்கத்துக்கு 1,064 போதும்.

அதே தீயைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் காட்டினால் சுண்ணாம்பு உருகாது, பளீரென்று வெள்ளை ஒளி வீசும். 1820களில் தாமஸ் டிரம்மண்ட் அயர்லாந்தின் நில அளவையில் அந்த ஒளியைப் பயன்படுத்தினார். 60 மைலுக்கு அப்பால் இருந்த மலையிலிருந்தும் அது தெரிந்தது. 1837இல் லண்டன் கோவண்ட் கார்டன் நாடக அரங்குக்கும் அது வந்துவிட்டது. நடிகர் மேல் விழுந்த அந்தச் சுண்ணாம்பு ஒளிதான் ‘லைம்லைட்’. எங்கள் ஊடகத் துறையில் தினமும் புரளும் சொல். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஊடகம் படித்த எனக்கு, அதில் சுண்ணாம்பு இருப்பதை ஒரு பத்தர் பட்டறை வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகுஸ்ட் வெர்னாய் இன்னும் ஒரு படி மேலே போனார். அலுமினிய ஆக்சைடு தூளை இந்தத் தீயின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மாணிக்கக் கல்லையே சில மணி நேரத்தில் வளர்த்துக் காட்டினார். மண்ணுக்குள் கிடைக்கும் மாணிக்கத்தின் அதே பொருள், அதே கடினம். இன்று மலிவாகக் கிடைக்கும் சிவப்புக் கற்களில் மிகப் பல அந்த முறையில் பிறந்தவை.

இதை மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். “அப்போ நாப்பது வருஷமா நான் பதிச்ச கெம்புக்கெல்லாம் இதுதான் தாயா?” என்றார்.

இன்று இந்தத் தீ நகைப் பட்டறையோடு நிற்கவில்லை. ஆய்வுக்கூடங்களில் குவார்ட்ஸ் குழாய்களை வளைக்கவும் மூடவும் சாதாரண கேஸ் தீ போதாது. அது மசிய 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். அங்கே ஹைட்ரஜன் தீதான். ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பிகளின் கழுத்தை உருக்கி மூடவும், அக்ரிலிக் விளம்பரப் பலகைகளின் வெட்டு ஓரத்தைப் பளபளப்பாக்கவும் இதே பெட்டிகள் உண்டு. உங்கள் பிள்ளை பள்ளியில் வாங்கி வந்த அக்ரிலிக் வெற்றிக் கேடயத்தின் ஓரம் கண்ணாடியாக மின்னினால், ஒரு நொடி இந்தத் தீ அதைத் தடவிப் போயிருக்கலாம்.

அப்படியானால் கார் ஓடுமா?

ஓடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்.

2008 ஜூனில் பெட்ரோல் விலை ஒரே இரவில் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியது நினைவிருக்கிறதா? அந்தச் சமயத்தில் என் சித்தப்பா ஒருவர், ‘தண்ணீர் வாயு’ சேமிப்புக் கருவி என்று சொன்ன போத்தலைத் தன் கஞ்சில் காரில் மாட்டிக்கொண்டார். பெட்ரோல் மிச்சமாகவில்லை. பேட்டரிதான் போனது.

தமிழ்நாட்டில் 1996இல் ‘மூலிகைப் பெட்ரோல்’ என்று பெரிய பரபரப்பை ஏற்படுத்தினார் ராமர் பிள்ளை. தண்ணீரும் மூலிகையும் எரிபொருளாகும் என்றார். நம்பியவர்கள் ஏராளம். 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

காரணம் எளிய கணக்கு. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த சாம்பல் போன்றது. அதை மறுபடி விறகாக்க எவ்வளவு சக்தி செலவழிக்கிறோமோ, எரிக்கும்போது அதற்கு மேல் ஒரு துளிகூடத் திரும்ப வராது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 4.4 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடும். பத்து வெள்ளி கொடுத்து ஆறோ ஏழோ வெள்ளி வாங்கும் வியாபாரம் இது. மாமாவின் பெட்டி தெனாகாவுக்குக் கட்டும் பில்லில்தான் எரிகிறது. தண்ணீர் அந்தச் சக்தியைச் சுமந்து வரும் வண்டி மட்டும்தான். கடுகளவு இடத்தில் கடும் சூடு வேண்டிய பத்தருக்கு அந்த நஷ்டம் கட்டுப்படியாகும். கார் ஓட்டக் கட்டுப்படியாகாது.

‘டப்’ என்று ஒரு சத்தம்

இனி அந்தக் காவல்காரக் குடுவை.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் கலந்து நிற்பது என்பது, பொரி படக் காத்திருக்கும் வெடி. மிகச் சிறு பொறி போதும். இயற்கை வாயு, பெட்ரோல் ஆவி எல்லாவற்றையும்விட அதில் தீ வேகமாக ஓடும். அதனால்தான் இந்த இயந்திரம் வாயுவைச் சேமித்து வைப்பதில்லை. வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் உண்டாக்கி, உடனே எரித்துவிடுகிறது. சுவிட்சை அணைத்தால் உற்பத்தி நின்றுவிடும். தோம்பு இல்லாததே இதன் பெரிய பாதுகாப்பு. அத்தை சம்மதித்ததும் அதனால்தான்.

ஆனாலும் ஊசி முனையில் வாயு வரும் வேகம் குறைந்தால் தீ குழாய்க்குள் பின்வாங்கி ஓடும். அதைத் தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்துவதுதான் அந்தக் குடுவையின் வேலை. கூடவே பின்தீயைத் தடுக்கும் ஓர் உலோக அடைப்பும் உண்டு.

தீபாவளிக்கு முந்தைய அவசரத்தில் ஒரு நாள் மாமா குடுவையில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்க்கவில்லை. “டப்” என்று ஒரே சத்தம். குழாய் பிய்த்துக்கொண்டது, குடுவையின் மூடி கூரையில் போய் அடித்தது. உலோக அடைப்பு இருந்ததால் தீ பெட்டிக்குள் போகவில்லை. மாமாவுக்குக் காயம் இல்லை. ஆனால் இரண்டு நாள் காதில் ரீங்காரம். அத்தையிடம் ‘பூனை தட்டிவிட்டது’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் பூனையே கிடையாது.

இப்போது சுவரில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘தண்ணீர் பார். ஜன்னல் திற. கண்ணாடி போடு. பிறகு சுவிட்ச்.’ இந்தப் பெட்டியை வாங்க நினைக்கும் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவேதான். பின்தீ அடைப்பு இல்லாத மலிவு இயந்திரம் வேண்டாம். யூடியூப்பைப் பார்த்து ஊறுகாய்ப் போத்தலில் நீங்களே செய்வது வேண்டவே வேண்டாம். தீ சுத்தமானாலும் கேட்மியம் பொடியின் புகை சுத்தமாகிவிடாது. அந்தப் பொடியைத் தலைமுழுகிவிடுங்கள், காற்றோட்டத்துக்கு விசிறி வையுங்கள்.

யாருக்காக இந்தத் தீ?

எல்லாம் கேட்ட பிறகு மாமாவிடம் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். “இந்த வயசில, இந்த இருமலோட, சில ஆயிரம் வெள்ளி போட்டு இது எதுக்கு மாமா?”

அவர் மூலையைக் காட்டினார். அங்கே இன்னொரு நாற்காலி புதிதாக வந்திருந்தது.

நம் நாட்டில் பத்தர் பட்டறைகளில் ஆள் இல்லை என்பது நமக்குத் தெரிந்த புலம்பல்தான். முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய 3 துறைகளுக்குப் பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த அந்நியத் தொழிலாளர் அனுமதி, 2023இல்தான் 7,500 பேருக்கு என்று திறந்தது. நம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை? சம்பளம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மாமா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “இந்த இருமல கேட்டுக்கிட்டே வளர்ந்த புள்ள எப்படிம்மா ஊதுகுழல எடுக்கும்?” மூத்த மகன் பினாங்கில் தொழிற்சாலைப் பொறியாளர். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் இளைய மகள் நகை வடிவமைப்பு படித்திருக்கிறாள். கணினியில் வரைவாள். கையால் செய்யவும் ஆசை. “தோம்பைத் தூக்கவும் வேணாம், புகையில குனியவும் வேணாம்னா நான் உக்கார்றேன்பா” என்று ஒரு நாள் சொன்னாளாம். அடுத்த வாரமே மாமா சேமிப்பை எடுத்துவிட்டார். அப்பா யாருக்காக வாங்கினார் என்று அவளிடம் இதுவரை சொல்லவில்லை. “தெரிஞ்சா கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும். அவளா உக்காரட்டும்.”

வளையலை மாமா கையில்தான் கொடுத்தேன். அவர் வாங்கி, வெங்காரம் தடவி, பொடியை வைத்து, மகள் பக்கம் நகர்த்திவிட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பாட்டியின் மிஞ்சிய ஒரே வளையல்! அம்மா சொல்லி அனுப்பியது வேறு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன். சுவரில் இருந்த அட்டையை ஒரு முறை படித்தாள். தண்ணீர் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். கண்ணாடி போட்டாள்.

அந்தத் தீ கூர்மையானது. தடித்த நகையில் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஓட்டை விழும், மற்ற இடம் சூடேறாது. “சுத்திச் சுத்திக் காட்டு. மொதல்ல முழுசா சூடாகட்டும்” என்றார் மாமா. அவர் உதடுகள் மட்டும் ஊதுகுழல் வைத்தது போலக் குவிந்திருந்தன. அவள் தீயை நகர்த்த நகர்த்த, அவரும் காற்றில்லாமல் ஊதிக்கொண்டிருந்தார். பொடி மின்னி ஓடியதும் “போதும்” என்றார். அவள் அதற்கு ஒரு கணம் முன்பே எடுத்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வளையலை ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இங்க லேசா ஒரு தழும்பு தெரியுதே. உன் மாமா வேலையில இப்படி இருக்காதே.”

யார் பற்றவைத்தது என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் வளையலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையில் போட்டுக்கொண்டார்.

“கூலி கொடுத்தியா புள்ளைக்கு?” என்றார்.

கொடுக்கவில்லை. மறந்தே போனேன். இந்த வாரம் மறுபடியும் கமுந்திங் போகிறேன்.